ஏரிக்கரையில் இறங்கிக்கொள்ளும் கண்டக்டர்

பயணிகள் எல்லாரும் பஸ்ஸில் உட்கார்ந்து போக, கண்டக்டர் மட்டும் நடந்து போகிற பஸ் இந்த உலகத்திலேயே எங்கள் சாலவாக்கம் - உத்திரமேரூர் மினி பஸ் ஒன்றுதான். அந்தப் பெருமை முழுக்க டபுள் டிக்கெட்டையே சேரும்.

டபுள் டிக்கெட் என்பது கண்டக்டரின் பட்டப்பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு காலத்தில் நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தார். ஒரு நாள் கூட்டத்தில் கடைசிக்கு முந்தின இரண்டு சீட்டுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. டிரைவர் ஸ்பானர் எடுத்து வந்து சீட்டைக் கழற்றித்தான் அவரை மீட்டார். பஸ் முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார்: "யோவ், இன்னொரு தபா மாட்டிக்கினா, பைய கழட்டி வெச்சுட்டு வூட்லயே குந்திக்கோ."

ஒன்றரை வருடத்தில் மனிதர் எண்பது கிலோவுக்கு வந்துவிட்டார். பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் குறைத்ததைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் அடித்த கூத்து இருக்கிறதே, அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

தினமும் காலையில் பஸ் கிளம்புமுன் தன்னைச் சிக்கவைத்த அந்தச் சந்துக்குள் நேராக நடந்து போவார். உரசாமல் வந்துவிட்டால், "பாஸ்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விசில் ஊதுவார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

அதோடு விட்டாரா? எங்கள் பஸ் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊருக்குள் நுழைந்து, சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வரும். ஏரிக்கரை வளைவு வந்ததும் டபுள் டிக்கெட் இறங்கி, கரைமேல் நடந்து வந்து அடுத்த முனையில் ஏறிக்கொள்வார். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம், அவருக்குப் பதினைந்து. அந்த ஐந்து நிமிடமும் நாங்கள் முனையில் நின்று, அவர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வருகிற அழகைப் பார்த்தாக வேண்டும். விசில் ஊதாமல் பஸ் நகராது. விசில் அவர் கழுத்தில். கழுத்தோ இன்னும் கரையின் பாதியில்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். இவர் புண்ணியத்தில், முதல் பீரியடுக்குப் போகாதவனும் நானேதான். உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் எனக்காகக் காத்திருக்காது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் குண்டாகவே இருக்கிறார், நிம்மதியாகவும் இருக்கிறார்.

இதைவிடப் பெரிய அநியாயம் தின்பண்டத்தில் நடந்தது. மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கு என்று வழி நெடுக எல்லார் வீட்டுச் சாமானையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் அவர். அதனால் ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஜன்னல் வழியாக ஏதாவது வரும். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள்.

"இன்னாண்ணா, எங்க வூட்டு அடை கசக்குதா?" என்பார் பூக்காரம்மா.

"ஐயய்ய, இன்னாம்மா அப்படி சொல்லிட்ட! குடு, குடு."

வாங்கி, முகர்ந்து, "ஆகா!" என்பார். பஸ் திரும்பியதும் அடை என் மடியில் விழும். "துன்னு தம்பி. படிக்கிற புள்ள. மூளைக்கு நல்லது."

எண்ணெயில் மிதந்த அடைக்கும் மூளைக்கும் என்ன உறவு என்று எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. சூடாக இருந்ததால் தின்றேன். வேர்க்கடலை, கொழுக்கட்டை, அதிரசம் என்று இரண்டு வருடம் தின்றேன். அவர் குறைந்தபடியே இருக்க, நான் சட்டை அளவு மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பொறுமை போய், முதலாளிக்கு ஒரு மனு எழுதினேன். 'ஏரிக்கரையில் நாள்தோறும் நிகழும் கால விரயம் குறித்து' என்று தலைப்புப் போட்டேன். கீழே என் பெயரைப் போடாமல், 'பாதிக்கப்பட்ட பயணிகள்' என்று முடித்தேன்.

அது ஆடி மாதம். வழியில் இருக்கிற எல்லா ஊரிலும் அம்மனுக்குக் கூழ். அம்மன் கூழை மறுக்க முடியாது, என் மடியிலும் ஊற்ற முடியாது. மனிதர் குடித்தார். மாதக் கடைசியில் சந்துக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் போனார். "பாஸ்" சத்தம் நின்றுபோனது.

சரியாக அந்த வாரம் முதலாளி மனுவோடு பஸ்ஸில் ஏறினார். ஏரிக்கரை வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"பஸ்ஸ காக்க வெச்சுட்டு காத்து வாங்க போறியாமே? கேட்டா ஒடம்ப கொறைக்கிறேன்னு கதை. எங்க, முன்னாடிலேர்ந்து கடைசி சீட்டு வரிக்கும் நேரா நட, பாக்கலாம். மாட்டிக்கினா இன்னியோட சரி."

டபுள் டிக்கெட் மனுவை வாங்கிப் பார்த்தார். "எழுத்து முத்து முத்தா கீது, மொதலாளி. நல்லா படிச்ச புள்ளதான் எழுதிக்கீது." என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த பஸ்ஸில் 'கால விரயம்' என்று எழுதக்கூடிய ஆள் ஒருவன்தான் என்பது டிரைவருக்குக்கூடத் தெரியும்.

அவர் நடந்தார். பூக்காரம்மா கூடையைத் தலைக்கு மேல் தூக்கினார். எல்லாரும் முழங்காலை மடக்கிக்கொண்டார்கள். நின்றிருந்தவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டார்கள். கடைசிக்கு முந்தின சந்துக்கு வந்தவர் நின்றுவிட்டார். வழியை அடைத்துக்கொண்டிருந்தது என் தொடை. சீட்டிலிருந்து பாதி வெளியே வழிந்துகொண்டிருந்தேன். எல்லாம் அவர் போட்ட அடை.

"தம்பி..." என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

நான் எழுந்து, பின் படி வழியாகக் கீழே இறங்கிவிட்டேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். சட்டைப் பித்தான் ஒன்று தெறித்தது. அந்தப் பக்கம் போய் நின்று, "பாஸ்!" என்று கத்தினார். பஸ்ஸே கைதட்டியது. முதலாளியே "ரைட், ரைட்!" என்று குரல் கொடுக்க, வண்டி என்னை விட்டுவிட்டு ஊருக்குள் போய்விட்டது.

வேறு வழியில்லை. கரைமேல் நடந்தேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. இதையா மனிதர் தினமும் செய்கிறார் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

முனையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. இந்தத் தடவை முதலாளியின் 'ரைட்'டுக்கு டிரைவர் அசையவில்லை. முதலாளி உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். "இன்னாய்யா பேஜாரு இது? விசில ஊது!"

பித்தான் போன சட்டையோடு படியில் நின்றிருந்த டபுள் டிக்கெட், விசிலைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆளு வந்துக்கினு கீது, மொதலாளி."

அன்றைக்கும் காஞ்சிபுரம் பஸ் போய்விட்டது. மறுநாள் ஏரிக்கரை வளைவில் அவர் இறங்கியபோது, என் பையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு நானும் இறங்கிக்கொண்டேன்.