பாட்சா செத்த கட்டிலும் பரஸ்தானப் பையும்

ஃபெஸ், மொராக்கோ
மாசி மாதம், வெள்ளிக்கிழமை, 1984

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு மருமகள் தெய்வநாயகி வணங்கி எழுதுவது. இங்கே அத்தை, உங்கள் மகன், நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும், வெற்றிலைக் கொடிக்காலும், கன்று ஈன்ற எருமையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். எருமையை அத்தை சற்று அதிகமாகவே நினைத்துக்கொள்கிறார். உங்கள் தம்பி வீட்டு ராமாயி சின்னத்தை வேளைக்குச் சோறு கொண்டுவருகிறாரா, ரசத்தில் இன்னும் உப்பை அள்ளிப் போடுகிறாரா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டில் எங்களை வழியனுப்பும்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "உன்ற மாமியா கையெழுத்துக்கு மேல எழுத மாட்டா. என்ற மகன் நலம்னு ஒரு வரி போட்டுட்டு மிச்சத்தக் காலியா உட்டுருவான். நீ படிச்ச புள்ள. அந்த ஊரு குடியிருக்க லாயக்கா இல்லியான்னு உள்ளது உள்ளபடி எழுதிப்போடு சாமி" என்றீர்கள். லாயக்கு என்று அத்தை சொன்னால் உங்கள் மகனின் வேலை முடியும்வரை நானும் இங்கே இருக்கலாம், இல்லையென்றால் அத்தை என்னைக் கையோடு ஊருக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, என் வழக்குக்கு நானே குமாஸ்தா. ஒரு பக்கமும் சாயாமல் எழுதப் பார்க்கிறேன்.

உங்கள் மகன் தண்ணீருக்காக ரிக் வண்டியோடு போர் போடும் காடுகள் இந்த ஊரிலிருந்து தூரம். சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிறு மாலை போய்விடுகிறார். குவார்ட்டர்ஸ் தயாராகும்வரை கம்பெனி எங்களைப் பழைய ஊருக்குள் ஒரு ஓட்டலில் வைத்திருக்கிறது. ஓட்டல் என்றால் நாமக்கல் லாட்ஜ் மாதிரி நினைத்துவிட வேண்டாம். இங்கே பழைய காலத்துப் பாட்சாக்களும் வியாபாரிகளும் கட்டி வாழ்ந்த அரண்மனைகளைத்தான் ஓட்டலாக ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து, அதில் தோல் மூட்டை சுமந்து வரும் கழுதைக்குத்தான் முதல் மரியாதை, அத்தையும் சுவரோடு ஒட்டிக்கொண்டு அதற்கு வழிவிட்டார், சந்தின் கடைசியில் சன்னலே இல்லாத மொட்டைச் சுவர், அதில் ஒரு குள்ளக் கதவு. அத்தை அப்படியே நின்றுவிட்டார். "ஏங்கண்ணு, மாட்டுக் கொட்டாயிக்குக்கூட நாம ரெண்டு சன்னல் வெக்கறோம். இதென்ன, செயிலா?" என்று கேட்டார். குனிந்து உள்ளே போனதும் முகம் மாறிவிட்டது. நடுவில் வானம் தெரியும் வாசல், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், தரையெல்லாம் பச்சையும் நீலமுமாகப் பொடிப்பொடி ஓடு, நடுவே நீர் கொப்பளிக்கும் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு நாரத்தை மரம். "அட, நம்ம தொட்டிக்கட்டு ஊடு! பைத்தியக்காரனுக, அழகையெல்லாம் உள்ள ஒளிச்சு வெச்சிருக்கறானுக" என்றார். அன்றைக்கே தீர்ப்பு எழுதியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

மறுநாள் காலையில் ஓட்டல் மேனேஜர் இத்ரீஸ் வந்தார். நல்ல மனிதர். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார், அதை நான் அத்தைக்குச் சொல்வேன். அத்தை அவரிடம் நேராகத் தமிழில்தான் பேசுகிறார், அதுவும் பாதி அவருக்குப் புரிந்துவிடுகிறது. உங்களுக்கு இந்த மாளிகையிலேயே உயர்ந்த அறையைத் தந்திருக்கிறேன், இந்த வீட்டைக் கட்டிய பாட்சா இதே அறையில், இதே கட்டிலில்தான் உயிரை விட்டார் என்று நெஞ்சில் கைவைத்துப் பெருமையாகச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் இதைக் கேட்டால் கட்டிலைப் போட்டோ பிடிப்பார்களாம். நான் அதைத் தமிழில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். இரவெல்லாம் அதில் புரண்டு படுத்திருந்த அத்தை கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இத்ரீஸைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "என்ன நட்சத்திரத்துல செத்தாரு?"

இத்ரீஸுக்கு அது தெரியவில்லை. செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றார். நம் பக்கத்தில் ஆகாத நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் அந்த அறையை ஆறு மாதம் அடைத்துப் போடுவோம் என்று நான் அவருக்கு விளக்கினேன். "செரி, நூறு வருசம் ஆச்சல்ல. அப்ப அடைச்சு வெச்சீங்களா?" என்றார் அத்தை. அடைப்பதா, ஒரு நாள்கூட அடைத்ததில்லை, அடுத்த வாரமே ஒரு தூதர் வந்து தங்கினார் என்று இத்ரீஸ் இன்னும் பெருமையாகச் சொன்னார். "அப்படின்னா அடைப்பு இன்னும் பாக்கி நிக்குது" என்று சொல்லிவிட்டு அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து தாழ்வாரத்தில் பாய் விரித்துத்தான் படுக்கிறார். எனக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். அங்கே யாரும் சாகவில்லையா என்று அத்தை கேட்டதற்கு, பாட்சாவின் சமையல்காரி மூன்று பிள்ளை பெற்ற அறை என்றார் இத்ரீஸ். "அது விருத்தி. அங்க இரு" என்றார் அத்தை.

ஆனாலும் அடைப்பு பாக்கி நிற்கும் வீட்டில் இருக்கக் கூடாது, வேறு ஓட்டல் போக வேண்டும் என்று முடிவாயிற்று. கிழக்கே நான்கு சந்து தள்ளி, ஸைனப் என்ற வயதான விதவை தன் மாமனார் காலத்து வீட்டை ஓட்டலாக நடத்துகிறார். போய் மாட்டுத் தொழுவம்வரை பார்த்து, அங்கே சாவே விழவில்லை என்று அத்தை உறுதிப்படுத்திக்கொண்டார். பெட்டி தூக்க உங்கள் மகன் வருவது சனிக்கிழமை. சனிக்கிழமை கிழக்கே சூலம். தயிர் குடித்துவிட்டுக் கிளம்பலாமே அத்தை என்றேன். "அது டூட்டிக்குப் போற ஆம்பளைக்கு. குடித்தனம் மாறப் பத்தாது. பரஸ்தானம் வெக்கோணும்" என்றார். ஆகவே வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் ஒரு மஞ்சள் பையில் தன் புடவை ஒன்று, மஞ்சள், பாக்கு எல்லாம் வைத்துச் சுமைக்காரரின் கழுதை மேல் ஏற்றி ஸைனப் வீட்டுக்கு அனுப்பினார். பை கிளம்பிவிட்டால் நாமே கிளம்பிய மாதிரி, சனிக்கிழமை நாம் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டால் சூலம் நம்மை ஒன்றும் செய்யாது என்பது உங்களுக்குத் தெரியும். ஸைனப்புக்குத் தெரியாது. இந்த ஊர்ச் சந்துகளோ எந்தத் திசைக்கும் நேராகப் போவதில்லை. கழுதை முதலில் மேற்கே திரும்பியது. "கெழக்கடா கெழக்க!" என்று அத்தை வாசலில் நின்று கத்தியதில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து சலாம் வைத்தார்.

மறுநாள் உங்கள் மகன் வந்து பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போது அதே கழுதை, அதே மஞ்சள் பையோடு திரும்பி வந்தது. பையில் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது, அதன் மேல் பேரீச்சம்பழமும் வட்ட ரொட்டியும். வீடு பார்க்க வந்த அந்நிய தேசத்து அம்மாள் நமக்குச் சீர் அனுப்பியிருக்கிறாள், அதை வைத்துக்கொள்வது பேராசை, வெறும் பையாகத் திருப்புவது மரியாதை இல்லை என்று ஸைனப் நினைத்துவிட்டார். பரஸ்தானம் வைத்த பை திரும்பி வந்தால் பயணம் ரத்து. உங்கள் மகன் கட்டின கயிற்றைத் திரும்ப அவிழ்த்தார். அத்தைக்கு இப்போது இன்னொரு தர்மசங்கடம். "ஒரு ஊட்டுப் பொம்பள பலகாரம் வெச்சு அனுப்பிச்சிருக்கறா. நாம வெறும் பையத் தரமுடியுமா? நாளைக்கு அவ நம்மூருப் பேரச் சொல்லி நாலு பேர்கிட்ட சிரிக்க மாட்டாளா?" ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மாவையும் வெல்லத்தையும் எடுத்து, ஓட்டல் சமையலறையில் இறங்கி, சமையல்காரரை அக்கட்டால போகச் சொல்லிவிட்டுக் கச்சாயம் சுட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பை அதே புடவையோடும் கச்சாயத்தோடும் போயிற்று. சனிக்கிழமை தேனும் அல்வா மாதிரி ஒன்றும் சுமந்து திரும்பி வந்தது. இப்படியே பை போவதும் வருவதுமாக இருக்கிறது, நாங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். கழுதைக்காரர் இப்போது வெள்ளிக்கிழமையானால் கூப்பிடாமலே வந்து நிற்கிறார்.

இதற்கிடையில் இத்ரீஸ் அத்தையைச் சமாதானப்படுத்த ஒரு காரியம் செய்தார். குளிர்காலத்தில் ஓட்டலில் ஆளில்லை என்பதால் பாட்சா அறையைப் பூட்டிச் சாவியை அத்தை கையிலேயே கொடுத்து, ஆறு மாதம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார். அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறார். ஒரு சாண் நீளம் இருக்கும் பழைய இரும்புச் சாவி, நடக்கும்போது முட்டியில் இடிக்கிறது. "நல்ல பையன்தான். ஆனா நா அக்கட்டால போனதும் தொறந்துருவான்" என்கிறார்.

நியாயமாக நல்லதையும் எழுத வேண்டும். என் அறையில் சுவருக்குள் ஒரு மாடம் இருக்கிறது. அதில் என் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். உச்சிப்பொழுதில் வெயில் நேராக நடு வாசலில் இறங்கி, ஓட்டுத் தரையில் பட்டு, என் கூரையில் தண்ணீர் மாதிரி ஆடுகிறது. அந்த நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. போன ஞாயிறு உங்கள் மகன் சேறு அப்பிய கையோடு தொட்டி ஓரம் உட்கார்ந்து, தண்ணீர் கண்ட கதையை எனக்குச் சொன்னார். வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுவதை அன்று ஒரே மூச்சில் பேசினார். இதெல்லாம் தீர்ப்புக்குச் சேருமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அத்தையின் தீர்ப்பு நேற்று வந்தது. "ஊடு நல்ல ஊடு. சனம் நல்ல சனம். ஆனா அடைப்பு பாக்கி நிக்கற ஊட்டுல வாழ வேண்டிய புள்ளைய உட்டுட்டு வர எனக்கு மனசு ஒப்பல. பொறப்படு கண்ணு." ஆகவே வருகிற திங்கட்கிழமை அத்தையும் நானும் விமானம் ஏறுகிறோம். பம்பாயில் அத்தையின் அண்ணன் முறையாகும் சின்னுசாமி வீட்டில் தங்கிவிட்டு அடுத்த சனிக்கிழமை சேலம் ஜங்ஷனில் இறங்குவோம். சூரமங்கலம் ஸ்டேஷனுக்கு யாரையாவது வண்டியோடு அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை ரிக் மெக்கானிக் தீர்த்தகிரி கொண்டுவருவார். நாமகிரிப்பேட்டைக்காரர், ஒரு மாத லீவு. நாளை சனிக்கிழமை கிழக்கே கிளம்புவதால் இன்றே அவர் கையில் அத்தை ஒரு சொம்புத் தயிரைத் திணித்துவிட்டார்.

திங்கட்கிழமையும் கிழக்கே சூலம் அல்லவா, அதனால் எங்கள் பரஸ்தானப் பை இன்று காலை போயிற்று. இந்த முறை வெறும் பரஸ்தானம், பலகாரம் இல்லை, திருப்பி அனுப்பக் கூடாது என்று ஸைனப்பிடம் விளக்கிச் சொல்ல என்னையே இத்ரீஸோடு அனுப்பினார் அத்தை. சொன்னேன். ஸைனப் பையை மடியில் வைத்துக்கொண்டு, புதினா டீ ஊற்றிக் கொடுத்து, நீ போக ஆசைப்படுகிறாயா மகளே என்று கேட்டதாக இத்ரீஸ் சொன்னார். நான் பதில் சொன்னேன். டீ மிகவும் நன்றாக இருந்தது.

ராமாயி சின்னத்தைக்கும், கொடிக்காலில் வேலை செய்யும் சடையனுக்கும் எங்கள் விசாரிப்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

தங்கள் மருமகள்,
தெய்வநாயகி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பை திரும்பி வந்துவிட்டது. பேரீச்சை, ரொட்டி, அத்தைக்கு ஒரு தடித்த கம்பளிச் சால்வை. பயணம் ரத்து. அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு முந்தானைச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். "இத்தன தரம் தடங்கலாச்சு, இதுக்கு மேல மீறப்படாது. அந்தச் சாவிய வேற நம்பி யாருகிட்டக் குடுக்கறது? ஆறு மாசமும் நானே இருந்து அடைப்பக் கழிச்சுட்டே வாரேன். கழிஞ்சுட்டா ஊடு லாயக்குத்தான், புள்ள இங்கயே இருக்கட்டும்னு எழுதிப்போடு" என்றார். சூரமங்கலத்துக்கு வண்டி வேண்டாம். ராமாயி சின்னத்தையின் ரசத்தை நீங்கள் ஆடி வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பையை வெறுமனே திருப்ப முடியாது, மாவும் தீர்ந்துவிட்டது, தீர்த்தகிரி திரும்பும்போது பச்சரிசி மாவும் வெல்லமும் தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள். ஸைனப்பிடம் நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். உள்ளது உள்ளபடி எழுதத்தானே சொன்னீர்கள் மாமா, எல்லாவற்றையும் எழுதச் சொல்லவில்லை.