ஃபுல்ஸ்டாப் அங்கிள் தோற்ற ஞாயிற்றுக்கிழமை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதையும் சலித்தாலும், ஆங்கிலத்துக்காக அடிவாங்கத் தயாராக இருந்த மனிதர் ஃபுல்ஸ்டாப் அங்கிளைத் தவிர இன்னொருவர் கிடைக்கமாட்டார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நாற்காலி போட்டு ஏறி, விலைப்பலகைக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் அவர். “எறங்குங்க லா அங்கிள், கஸ்டமர் பாக்குறாங்க!” என்று முதலாளி கெஞ்ச, “மொதல்ல சென்டன்ஸ முடிய்யா!” என்றாராம்.

ஓய்வுபெற்ற அரசாங்கக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிறு காலைகளில் தையல் கடை மாடியில் பெரியவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். ஏழு பேர் படித்தோம். நான் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவேன். வாக்கியத்தை முடிக்காமல் யாரும் உட்கார முடியாது; முடிக்கும்வரை மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பார். பண்டமாரான் லோரி ஓட்டுநர் முனியாண்டி ஒருமுறை இருபது நிமிடம் நின்றார்.

லீனா மட்டும் மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை. கடல் தாண்டி, போர்னியோத் தீவின் சரவாக் மாநிலத்திலிருந்து வந்து, ஹோட்டல் சலவை அறையில் வேலை பார்த்தவர். வரவேற்பு கவுண்டர் வேலைக்கு அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. கேட்டதற்கெல்லாம் புன்னகைதான் பதில்.

ஆகஸ்டு கடைசி ஞாயிறு. ‘மலேசியா 1957 ஆகஸ்டு 31இல் பிறந்தது’ என்று ஆங்கிலத்தில் பலகையில் எழுதி, அங்கிள் முற்றுப்புள்ளியை ஓங்கிக் குத்தினார்.

“நோ, சார்.”

லீனா எழுந்து நின்றிருந்தார்.

“ராங், சார். தட் டைம் நோ மலேசியா, ஒன்லி மலாயா. சபா, சரவாக் கேம் இன் 1963. செப்டம்பர் சிக்ஸ்டீன். தட் இஸ் த பர்த்டே!”

முனியாண்டி துள்ளியெழுந்தார். “தென் ஆகஸ்ட் தர்ட்டி-ஒன், மை லோரி ஃப்ளாக் ஃபார் வாட்?”

“ஃபார் யுவர் இண்டிபெண்டன்ஸ், பிரதர். ஐ கிளாப் ஃபார் யூ. செப்டம்பர், யூ கிளாப் ஃபார் மீ!”

அவ்வளவுதான். ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் சண்டை போட்டோம். இலக்கணம் தலைகீழாகக் கவிழ்ந்தது. ஒருவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை. அங்கிள் மேசையைத் தட்டவே இல்லை; மகள் கல்யாணப் பந்தியைப் பார்ப்பவர் போல எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எழுதியதைத் தானே அழித்து, மார்க்கரை லீனாவிடம் நீட்டினார்.

“ஐ வாஸ் ராங்.”

அந்த வாக்கியத்தை அவர் மனைவிகூடக் கேட்டதில்லையாம்.

லீனாவுக்கு வேலை கிடைத்தது. நேர்முகத்தில் மேலாளரையும் ஓரிடத்தில் திருத்தினாராம்.

செப்டம்பர் பதினாறும் ஞாயிறுதான்; மலேசியா தினப் பொது விடுமுறை. வகுப்பு கிடையாது என்று அங்கிள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் லீனாவுக்குக் கைதட்ட எல்லாரும் போய்விட்டோம்.

“லீவு நாள்ல எதுக்கு வந்தீங்க?” என்று வாசலிலேயே அதட்டினார் அங்கிள். எங்களுக்கு முன்பே வந்து, படிக்கட்டைக் கூட்டி, ஏழு நாற்காலிகளையும் போட்டு வைத்திருந்தார்.