தோற்றுக் கட்டிய பாலம்

இங்கிலாந்து தேசத்து ஹார்ட்டன்பரி நகர மன்றத் தேர்தலில் ஒரு வார்டின் முடிவு, அந்த வார்டு மக்களைவிட அதிகமாக யாரைப் பாதித்தது என்று கேட்டால், கடம்பூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் கிடக்கும் கரட்டூரணியைத்தான் சொல்ல வேண்டும். ஹார்ட்டன்பரியில் தேர்தலன்று தூறல் விழுந்ததால் பாதிப் பேர் ஓட்டுப் போடவே வரவில்லையாம். கரட்டூரணியில் யாருக்கும் அங்கே ஓட்டு கிடையாது. ஆனாலும் முடிவைக் கேட்க ஊரே கூடியிருந்தது.

கரட்டூரணிக்கு அப்போது சொந்தமாகத் தேர்தல் இல்லை என்பதும் ஒரு காரணம். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, அடுத்த தேர்தல் வரும்வரை நிர்வாகத்தைக் கவனிக்க நந்தகோபால் என்ற தனி அலுவலர் நியமிக்கப்பட்டிருந்தார். அவர் பொறுப்பில் இதுபோலப் பல ஊர்கள். எந்த ஊருக்கும் போகாமல் இருந்து, எல்லா ஊர்களையும் அவர் சமமாக நடத்திவந்தார்.

ஊருக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் மேலிருந்த பாலம் ஒரு ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது. அன்று முதல் கோவில்பட்டி டவுன்பஸ் அக்கரையிலேயே திரும்பிக்கொள்கிறது. ஆடுகளும் கொஞ்சம் உளுந்துக்காடும் வைத்திருக்கும் தங்கச்சாமிக்கு அந்த ஓடைதான் பெரிய கவலை. அவருடைய மகள் முத்துசெல்வி கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கி, சகதி அப்பிய காலோடு அவள் அக்கரை ஏறுவதற்குள் பஸ் போயிருக்கும். அடுத்த மழைக்கும் இப்படித் தாமதமானால் வேலைக்கே வர வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

தங்கச்சாமி கொடுத்த மனுக்களுக்கெல்லாம் மரியாதையாகப் பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.' நிதிக்கு ஒரு நிலை வரவேயில்லை.

இப்படி இருக்கையில், மே மாதத்தில் ஒரு காலை, ஹார்ட்டன்பரியில் குடியிருக்கும் அவருடைய அக்கா பூங்கொடி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பூங்கொடியின் மகள் கிருஷ்ணப்ரியா அங்கே சுயேச்சையாகத் தேர்தலில் நிற்பது ஊருக்குத் தெரியும். படத்தில் ஒரு மேடை. அதிகாரி ஒருவர் மைக் முன்னால் ஏதோ வாசிக்கிறார். அவருக்குப் பக்கத்திலேயே கிருஷ்ணப்ரியா, கோட்டில் தோசை அகலத்துக்கு வெள்ளை ரிப்பன் பூ, முகமெல்லாம் சிரிப்பு. அவளைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் சிலர். அதில் ஒருவர் கொண்டை, அலகு, வால் எல்லாம் வைத்து முழுச் சேவல் வேஷத்தில் நின்றார். படத்தின் கீழே பூங்கொடி எதுவும் எழுதவில்லை. கும்பிடுகிற கை மட்டும் போட்டிருந்தாள்.

இசக்கிதுரையின் டீக்கடையில் படம் ஆராயப்பட்டது. இசக்கிதுரை பல தேர்தல்களில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர்.

"ஜெயிச்சாச்சு. இதுல என்னலே சந்தேகம்? ஓட்டு எண்ணுத இடத்துல தோத்தவன் எவனாச்சும் மேடையில நின்னு பாத்திருக்கியா? ரெண்டாவது ரவுண்டுலயே பின்வாசல் வழியா போயிருப்பான்லா."

யாரும் பார்த்ததில்லை. இந்தச் சீமையில் தோற்றவர் சிரித்ததாகவே வரலாறு கிடையாது.

"அந்தச் சேவலு?" என்று ஒருவர் கேட்டார்.

"அது நம்ம பிள்ளைக்குக் குடுத்த சின்னம்."

மத்தியானத்துக்குள் வெடி போட்டாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் 'இங்கிலாந்தை வென்ற கரிசல் மண்ணின் கவுன்சிலரே' என்று பிளெக்ஸ் ஏறிவிட்டது. செய்தி கோவில்பட்டி நிருபர் ஒருவர் கைக்குப் போனபோது கவுன்சிலராக இருந்தது, அச்சாகி வந்தபோது துணை மேயர் ஆகியிருந்தது.

வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தங்கச்சாமிக்குப் போன் கிடைத்தது. கிருஷ்ணப்ரியாவே எடுத்தாள்.

"தோத்துட்டேன் மாமா. நாலாவது வந்தேன். மூணாவது அந்தச் சேவல். அவரும் ஒரு வேட்பாளர்தான்."

தங்கச்சாமி வாசலில் கிடந்த வெடித்தாளைக் காலால் ஒதுக்கினார்.

"பெறகு எதுக்குத்தா மேடையில நின்னே?"

"எல்லாரும் நிக்கணும் மாமா. இங்க அதுதான் வழக்கம். ஜெயிச்சவருக்குக் கை குடுக்கணும்."

"தோத்த பெறகா?"

"தோத்த பெறகுதான்."

இங்கிலாந்தின் மேல் தங்கச்சாமி வைத்திருந்த மரியாதை அந்த இடத்தில் சற்றுக் குறைந்தது. என்ன சொல்லி ஓட்டுக் கேட்டாய் என்று விசாரித்தார். தெருவில் இருக்கிற குழியை மூட வைப்பேன் என்று கேட்டாளாம். குழி அப்படியே இருக்கிறதாம்.

விடிந்ததும் ஊரைக் கூட்டி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் படுத்தார். விடிந்ததும் அக்கரையில் ஒரு ஜீப் நின்றது. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, ஓடைக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார் தனி அலுவலர் நந்தகோபால். பின்னாலேயே ஒரு பொறியாளர்.

"கவுன்சிலரோட தாய்மாமன் நீங்கதானே? அவங்க எப்போ ஊருக்கு வர்றாங்க?"

"வருசா வருசம் ஆடியில கோயில் கொடைக்கு வருவா சார்."

நந்தகோபால் ஓடையைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு வெளிநாட்டு மக்கள் பிரதிநிதி செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு இதுல இறங்கினா, ரெண்டு நாட்டு உறவும் பாதிக்கும்."

"எம் மக தெனமும் எறங்குதாளே சார்."

"அது உள்நாட்டு விவகாரம்."

பிறகு அவர் விளக்கினார். தங்கச்சாமியின் மனுக்கள் எல்லாம் 'பொதுமக்கள் கோரிக்கை' என்ற தலைப்பில் இருக்கின்றன. அந்தத் தலைப்பில் நிதி கிடையாது. இது 'முக்கியப் பிரமுகர் வருகை'. இந்தத் தலைப்பில் நிதியைச் செலவழிக்காவிட்டால்தான் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். நாளையே பழைய பாலத்தை இடித்து வேலையைத் தொடங்கலாம்.

தங்கச்சாமி வாயைத் திறந்தார். "சார், பிரியா வந்து..."

"என்ன, தேதி மாறுதா?"

தங்கச்சாமி ஓடையைப் பார்த்தார். கோடை மழைச் சகதியில் நேற்று மகள் நடந்த தடம் அப்படியே பதிந்திருந்தது.

"இல்ல சார். ஆடியில வந்துருவா."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வீட்டுக்குப் போய் முத்துசெல்வியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"கான்கிரீட் எறுகுத வரைக்கும் வாயத் தொறக்காதீங்கப்பா" என்றாள் அவள். "பெறகு யாரும் பேத்துக்கிட்டுப் போக முடியாது."

பாலம் எழும்பியது. எந்த மனுவுக்கும் அசையாத கலவை இயந்திரம், நாலாவது இடத்துக்காக இரவு பகலாகச் சுற்றியது. ஆனால் வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் தார் டிரம்மை உருட்டிவைத்து, வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டு, 'திறப்பு விழாவுக்குப் பின் பயன்படுத்தவும்' என்று பலகை மாட்டிவிட்டார்கள். முத்துசெல்வி புதுப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே ஓடைக்குள் நடந்தாள்.

ஆடியில் கிருஷ்ணப்ரியா வந்து இறங்கியதும் தங்கச்சாமி அவளைத் தனியே அழைத்துப் போனார். "ஜெயிச்சேன்னு சொல்ல வேண்டாம். தோத்தேன்னும் சொல்லாத. நன்றின்னு மட்டும் சொல்லிட்டு எறங்கிரு."

"மாமா, நேர்மையான வேட்பாளர்னு நோட்டீஸ் அடிச்சு வீடு வீடா குடுத்தவ நான்."

"அதான் நாலாவது வந்திருக்கே."

எதற்கும் இருக்கட்டும் என்று, பேச்சுக்கு முன்னால் ரிப்பனை வெட்டவைத்தார். டிரம்மையும் முள்ளையும் தாமே இழுத்து ஓரத்தில் போட்டார். அதன் பிறகுதான் மைக் அவள் கைக்குப் போனது.

"நான் ஜெயிக்கல" என்றாள் கிருஷ்ணப்ரியா. "நாலாவதா வந்தேன்."

தங்கச்சாமி காலுக்குக் கீழே இருந்த கான்கிரீட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டார். உறுதியாகத்தான் இருந்தது.

இசக்கிதுரை எழுந்து நின்று கைதட்டினார். "பாத்தீங்களாலே அடக்கத்த? பதவியில இருக்கவிய எவியளாச்சும் இப்படிப் பேசுவாவளா?"

ஊர் கைதட்டியது. சேவலைவிட ஓட்டுக் குறைவு என்று அவள் விளக்கினாள். இன்னும் பலமாகத் தட்டியது. இங்கிலாந்தில் கிடைக்காத ஆதரவு அன்று அவளுக்குக் கிடைத்தது.

தட்டாதவர் நந்தகோபால் ஒருவர்தான். தங்கச்சாமியை ஓரமாக அழைத்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"எனக்கு இப்பவும் தெரியாது. தெரிஞ்சா கோப்புல எழுதணும்." சற்று யோசித்தார். "தேர்தல் முடிவு அறிவிக்கப்பட்டபோது மேடையிலிருந்த பிரமுகர்னு எழுதிடலாம். அது உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

கல்வெட்டில் மட்டும் 'மாமன்ற உறுப்பினர்' என்றே இருந்தது. அதைத் திருத்த எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை.

மறுநாள் பஸ் ஊருக்குள் வந்தது. முத்துசெல்வி செருப்புப் போட்ட காலோடு ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். கரட்டூரணி அத்துடன் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

கிருஷ்ணப்ரியா சொன்னது அடக்கமல்ல, நிஜம்தான் என்பது மெல்ல ஊருக்கு உறைத்தது. ஆனால் யாரும் வெட்கப்படவில்லை. கணக்குப் போட்டார்கள்.

"நாலாவது வந்ததுக்கே பாலம்" என்றார் இசக்கிதுரை. "மூணாவது வந்தா ஆஸ்பத்திரியே வரும்." அவருடைய மருமகன் கிருஷ்ணகுமாரும் அதே ஹார்ட்டன்பரியில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறார். அடுத்த முறை அவர்தான் நிற்க வேண்டும் என்று டீக்கடையில் தீர்மானம் ஆனது.

தங்கச்சாமிக்கு அது பொறுக்கவில்லை. "அது எப்படி அண்ணாச்சி? ஹார்ட்டன்பரி எங்க குடும்பத்து வார்டுல்லா."

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கிருஷ்ணப்ரியாவையோ கிருஷ்ணகுமாரையோ யாரும் கேட்கவில்லை. அங்கே அடுத்த தேர்தலுக்கு நாலு வருஷம் இருக்கிறது என்பதையும் பொருட்படுத்தவில்லை. இசக்கிதுரை பாலத்தின் அக்கரை முனையில் சவுக்குக் கம்பு நட்டு, 'ஹார்ட்டன்பரியின் நாளைய மேயரே' என்று மருமகனுக்கு வளைவு வைத்தார். அன்றைக்கே இக்கரை முனையில், அதைவிட அகலமான கம்புகளில், தங்கச்சாமியின் வளைவு எழுந்தது.

ஐப்பசி முதல் மழையன்று பஸ் பாலத்தருகே வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். வளைவின் உயரத்தையும் பஸ்ஸின் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வளைவுக் கம்புகளால் அங்கே திரும்பவும் இடமில்லாமல், ஏறிப் பின்னாலேயே தார்ரோட்டு விலக்கு வரை போய்த் திருப்பிக்கொண்டார். மறுநாள் முதல் பஸ் விலக்கோடு நின்றது; முத்துசெல்வி சகதியில் அதுவரை நடந்து சேர்வதற்குள் அது போயிருக்கும்.

வளைவை எடுக்கச் சொல்லி முத்துசெல்வி கெஞ்சினாள். "மொதல்ல அவிய எடுக்கட்டும்" என்றார் தங்கச்சாமி. இசக்கிதுரையும் அதையேதான் சொன்னார். அவள் நந்தகோபாலுக்கு மனு எழுதினாள். இந்த முறை பதில் உடனே வந்தது: 'மேற்படி தட்டிகள் ஹார்ட்டன்பரி தேர்தல் தொடர்பானவை என்பதால், அங்கு நடத்தை விதிகள் அமலுக்கு வந்தபின் முறைப்படி அகற்றப்படும்.'

அந்த வாரத்தில் ஒரு நாள் மழை விடாமல் பெய்தது. காலையில் வேலைக்குப் போனவள் சீக்கிரமே திரும்பி வந்தாள். தூக்குவாளியில் சோறு திறக்காமல் இருந்தது. கட்டுத்தளர்ந்த வளைவுக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த தங்கச்சாமி மேலேயிருந்து குனிந்து பார்த்தார்.

"என்னத்தா, அதுக்குள்ள வந்துட்டே?"

முத்துசெல்வி செருப்பைக் கீழே போட்டாள்.

"இனி வேலைக்கு வர வேண்டாம்னுட்டாவ. நானும் தோத்துட்டேன்ப்பா. நந்தகோபால் சாரு என்ன கட்டித் தருவாவன்னு கேட்டுச் சொல்லுங்க."