ஐந்தாவது வீட்டுக்காரம்மா

'டப்' என்ற சத்தத்தோடு சமையலறைக் குழாய் தெறித்து எதிர்ச்சுவரில் மோதியது. அடுத்த நொடி பிளம்பரின் மனைவி தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள்.

தண்ணீரை அடைக்கும் வால்வுக்குக் கைப்பிடி இல்லை. நாளைக்கு மாட்டுகிறேன் என்று பிளம்பர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாடியை இவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரியோ, இன்னொரு தடவை தன் கூரை ஒழுகினால் காலி செய்துவிடுங்கள் என்று போன மாதம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கணவனுக்கு போன் போட்டாள். எடுத்தது ஏஐ ஏஜென்ட்.

எல்லாம் அவள் செய்த ஏற்பாடு. வாடிக்கையாளர்களுக்கு நாளெல்லாம் ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒவ்வொரு வேலையையும் ஒரு 'திறனாக' எழுதி ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தாள். ஒரு தடவை எழுதினால் போதும், ஆயுசுக்கும் அப்படியே செய்யும். முதல் தடவை கூப்பிட்டால், 'கிளம்பிட்டார்'. இரண்டாம் தடவை, 'பாதி வழியில இருக்கார்'. மூன்றாம் தடவை, 'உங்க தெருவுலதான் நிக்கறார், வீடுதான் தெரியல'.

மூன்றையும் அவள் கேட்டு முடித்தாள். பிளம்பருக்கு வேறு போனும் கிடையாது.

"நான் அவரோட பொண்டாட்டி" என்றாள்.

"அவசரத்துக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க அக்கா" என்றது ஏஜென்ட்.

அது நான்காவது திறன். அதையும் அவள்தான் எழுதியிருந்தாள்.

குழாய் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள். துண்டு பாய்ந்து வந்து மாவு டப்பாவைக் கவிழ்த்தது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்துபோய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, ஈர விரலால் புதுத் திறன் ஒன்றைத் தட்டினாள்: 'வீட்டுக்காரம்மா கூப்பிட்டால் மற்ற வேலையை விட்டுவிட்டு உடனே அங்கே அனுப்பு.'

வெற்றிப் புன்னகையோடு மாவை வழித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் போன் செய்தாள்.

"நீங்க வீட்டுக்காரம்மாவா?"

"ஆமா."

"நீங்க அஞ்சாவது வீட்டுக்காரம்மா. அண்ணன் இப்ப முதல் வீட்டுக்காரம்மாகிட்ட இருக்கார். ரொம்ப நேரம் ஆகுமாம்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவளுக்கு இப்படியொரு செய்தி வந்ததில்லை. கை கரண்டியைத் தேடிய பிறகுதான் விஷயம் உறைத்தது. சொந்த வீடு வைத்திருக்கும் அம்மாக்கள் எல்லோருமே வீட்டுக்காரம்மாதானே.

வாளி வாளியாகத் தண்ணீரை அள்ளிக் கொட்டி அரை மணி நேரம் ஆனபோது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுச் சொந்தக்காரி, தலையெல்லாம் சிமெண்ட் தூளாக நின்றிருந்தார். காலி செய்ய எத்தனை நாள் கொடுப்பாரோ என்று இவள் கையைப் பிசைந்தாள்.

"உன் புருஷனைக் கொஞ்சம் மேல கூப்பிட்டுக்கோம்மா. கூரை ஒழுகுதுன்னு அவருக்கு போன் பண்ணினேன். வீட்டுக்காரம்மாவான்னு கேட்டுச்சு, ஆமான்னேன், அஞ்சு நிமிஷத்துல வந்து நின்னார். தண்ணி மேலேருந்துதான் வருதுன்னா கேக்கமாட்டேங்கறார். 'மேல எங்க வீடு, அங்க ஒழுகினா என் பொண்டாட்டி முதல்ல எனக்குத்தானே போன் பண்ணியிருப்பா'ன்னு சொல்லிச் சொல்லியே மூணு சுவரை உடைச்சுட்டார்."