வேட்பாளரின் குலசாமியும் என் கல்யாணமும்

தேர்தல் வந்தால் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. வேட்பாளரிடம் அவருடைய மத நம்பிக்கையைப் பற்றிக் கேட்கலாமா, கூடாதா? நாலு பேர் உட்கார்ந்து தொண்டை வற்றக் கத்துகிறார்கள். என்னை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவேன். கேட்கலாம், ஆனால் கேட்பவருக்குக் கல்யாணம் முடிந்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. வீடு அவனியாபுரம், வேலை காளவாசலில் ஒரு பைக் ஷோரூம். தெரு நலச் சங்கத்தில் இளைஞரணிப் பொறுப்பு வேறு. (அணியில் நான் ஒருவன்தான். நாற்காலி போடுவதும் எடுப்பதும்தான் பொறுப்பு.) கல்லூரியில் பிடித்த பகுத்தறிவுக் காய்ச்சல் இன்னும் இறங்காத வயது. சாமி, கோயில் என்று யார் பேச்செடுத்தாலும் நாலு கேள்வி கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த தெரு ராசாங்கத்தின் ஒரே மகள் கவிதா. தினமும் காலையில் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம். "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பாள். (மதுரையில் டீ மாஸ்டர் முதல் கண்டக்டர் வரை எல்லோரும் அண்ணேதான். அதனால் நான் மனம் தளரவில்லை.) விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள். இரண்டு குடும்பத்துக்கும் எழுமலைப் பக்கம்தான் பூர்வீகம் என்பதில் அப்பாவுக்குப் பரம திருப்தி. "போயிப் பேசிட்டு வாரேன்" என்று அவர் சட்டையை மாட்டிய வாரத்தில்தான் ராசாங்கம் வார்டு கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றுவிட்டார். தேர்தல் முடியட்டும் என்று பேச்சைத் தள்ளிவைத்தோம்.

அதற்குள் வருங்கால மாமனார் கண்ணில் நான் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும். "எங்க அப்பாவுக்குப் பம்முற ஆளே புடிக்காதுண்ணே. எதுன்னாலும் நேருக்கு நேரா கேக்கணும்" என்று கவிதா ஒருநாள் ஆட்டோவில் யாரைப் பற்றியோ சொன்னாள். நான் அதை எனக்கான சிக்னல் என்று எடுத்துக்கொண்டேன்.

சங்கத்தின் சார்பில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வேட்பாளர் சந்திப்பு ஏற்பாடாயிற்று. தலைவர் ஜெயசீலன் வாத்தியார் முதலிலேயே சொல்லிவிட்டார். "தண்ணி, சாக்கடை, தெருவெளக்கு. இதத் தாண்டி ஒரு கேள்வி வரக் கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மைக் என் கைக்கு வந்ததும் அந்தத் தலை வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

"ஐயா, காலையில நெத்தி நெறைய திருநீறு. மத்தியானம் பள்ளிவாசல் தெருவுல தொப்பி. சாயங்காலம் மாதா கோயில்ல மெழுகுவத்தி. உண்மையிலேயே உங்க நம்பிக்கைதான் என்ன? ஓட்டுப் போடுறவுகளுக்குத் தெரிய வேணாமா?"

ராசாங்கம் கோபப்படவில்லை. "கூப்பிட்ட எடத்துக்குப் போனேன் தம்பி, குடுத்ததப் போட்டுக்கிட்டேன். கல்யாண வீட்டுல சந்தனம் குடுத்தா பூசிக்கிறது இல்லையா?"

கூட்டம் கைதட்டியது. புத்தியுள்ளவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். "அப்ப உங்களுக்குன்னு ஒரு சாமி கெடையாதா?" என்றேன் நான்.

"இருக்குய்யா. ஆனா பேரச் சொன்னா நான் எந்த ஊரு, யாரு வகையறான்னு எல்லாம் வெளிய வந்துரும். அதுக்காகவே பாதிப் பேரு ஓட்டுப் போடுவாக, அதுக்காகவே மீதிப் பேரு போடமாட்டாக. சாக்கடைக்காக ஒருத்தரும் போடமாட்டாக."

இவ்வளவு தெளிவாக ஒரு வேட்பாளர் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏப்பா, சாக்கடையக் கேளுப்பா!" என்று கத்தினார். முன்வரிசையைப் பார்த்தேன். கவிதா என்னை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். போதாதா? "பொதுவாழ்க்கையில ஒளிவுமறைவு இருக்கக் கூடாது! பதில் சொல்லுங்க!" என்று எனக்கே தெரியாத ஒரு குரலில் முழங்கினேன்.

ராசாங்கம் பெருமூச்சு விட்டார். "எழுமலைக்கு மேக்க, ஓடைக்கரைக் கருப்பு. போதுமா?"

ஜெயித்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போது நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். எழுந்தவர் என் அப்பா.

"மாசிப்பச்சைத் திருவிழாவுக்குச் சாமி பெட்டி எந்த வீட்டுல இருந்து கெளம்பும்?"

"கெணத்தடி வீட்டுல."

"அண்ணே!" என்று அப்பா அலறிய அலறலில் மைக்கே தேவைப்படவில்லை. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் ராசாங்கத்தைக் கட்டிக்கொண்டார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி. இதற்கு மேல்முறையீடு கிடையாது. கிடா வெட்டில் தனக்குச் சரியான கறி வரவில்லை என்று கோபித்துக்கொண்டு அப்பா பல வருஷமாக அந்தக் கோயில் பக்கமே போகவில்லை. ராசாங்கம் வீட்டாரும் மதுரைக்கு வந்தபின் போவதைக் குறைத்திருக்கிறார்கள். பகுத்தறிவாளனான எனக்கோ எங்கள் குலசாமி கருப்பா, காளியா என்பதே தெரியாது. பெண் கேட்கப் போயிருந்தால் முதல் கேள்வியிலேயே இது தெரிந்திருக்கும். இரண்டு பெரியவர்கள் ஒரு காப்பியோடு கமுக்கமாக முடித்திருப்பார்கள். நான் அதை மைக் வைத்து முடித்தேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு என் ஞாபகமே வந்தது. கண்ணில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. ஆனால் புதிதாகக் கிடைத்த அண்ணனின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

ராசாங்கம் கண்கலங்கி என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். "ஆம்பளப் புள்ள இல்லையேன்னு இம்புட்டு நாளா எனக்கு ஒரு கொறை. கருப்பு மைக்கக் குடுத்து ஒரு மகன அனுப்பி வச்சிருக்கான்யா!" மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கவிதா சிரித்த சிரிப்பில் செல்போன் ஆடியது. அந்த வீடியோவில் என் முகத்துக்குப் பதில் மின்விசிறிதான் தெரிகிறது, நல்லவேளை. எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. விசாரித்தவர்களிடம் வடை சுடுகிற புகை என்று சொன்னேன்.

ராசாங்கம் சொன்னபடியே ஆயிற்று. கூட்டம் முடிவதற்குள் பாதிப் பேர் அவரிடம் சொந்தம் விசாரித்தார்கள், மீதிப் பேர் "எழுமலை ஆளாம்ல" என்று கிசுகிசுத்தபடி வெளியேறினார்கள். தேர்தலில் தோற்றார். சாக்கடை இன்றும் மழைக்கு எங்கள் வாசல் வரை வருகிறது. அந்த மனிதரை நான்தான் தோற்கடித்தேன் என்று இப்போதும் உறுத்துகிறது. அவரோ, "விடுறா, வார்டு போச்சு, மகன் கெடச்சான்" என்கிறார்.

மகன் என்றால் சும்மா இல்லை. கவிதாவுக்குக் கல்யாணம் ஆனது, முன்னால் நின்று பந்தி விசாரித்தவன் நான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு காதுகுத்துக்கும் தாய்மாமன் நான்தான். மேளதாளத்தோடு சீர் கொண்டுபோய், மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டு, காது குத்தியபோது இரண்டு பிள்ளைகளும் என் வேட்டியை நனைத்தார்கள். சீர்த் தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தவள் என் மனைவி செல்வி. குலசாமி என்ன என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டிய மனைவி.

போன தேர்தலில் ஒரு வேட்பாளர் கும்பிட்டபடி எங்கள் வாசலுக்கு வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் மந்திரித்த கயிறு. நான் தொண்டையைத்தான் செருமினேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த செல்வி எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"அண்ணே, தண்ணி, சாக்கடை, எத வேணாலும் பேசுங்க. இவரு சாமியப் பத்திக் கேட்டா மட்டும் பதில் சொல்லிராதீக. இன்னொரு வீட்டுக்குச் சீர் தூக்க எனக்குத் தெம்பு இல்ல."