அறுபத்துநாலு ஜிபி

ரத்தப் பரிசோதனை ப்ரோகிராம் மறுபடியும் செத்துப்போனது.

"காலையிலேர்ந்து ஒரு ரிசல்ட்கூட வரல, தம்பி. வர்றவங்க எல்லாம் என்னைத்தான் முறைக்கிறாங்க," என்றார் லேப்காரம்மா.

"பாத்துட்டுதான்க்கா இருக்கேன்," என்றான் ஆஸ்பத்திரியின் கணினிக்காரன். ஜன்னலில்லாத அறை, புது வேலை. இதுவும் போனால் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. பெரிய டாக்டர் சாயங்காலம்வரைதான் கெடு கொடுத்திருந்தார்.

ஒருவழியாகக் காரணம் பிடிபட்டது. எங்கோ தொலைவில் ஒரு சர்வர் ஹாலில் இருந்த வாடகை மெஷினை, இவனுக்கு முன்பு இந்த வேலையில் இருந்த ஆள் லேப், மருந்துக்கடை, கணக்கு என்று மூன்று கன்டெய்னர்களாக, ஒரே வீட்டின் தனித்தனி அறைகள் மாதிரி, தடுத்துப் பிரித்திருந்தார். ஆளுக்கு இரண்டு ஜிபி மெமரி. ஆனால் உள்ளேயிருந்து பார்த்தால் மெஷினின் அறுபத்துநாலும் தனக்கே என்று தெரியும். லேப் ப்ரோகிராம் அதை நம்பிக் கை நீட்டும். எல்லை தாண்டியதும் சிஸ்டம் கழுத்தைத் திருகிவிடும்.

உண்மையைக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தான். மெமரி, அது போதாதபோது டிஸ்க்கில் கடன் வாங்கும் ஸ்வாப், இரண்டின் எல்லையும் உள்ளே தெரியும்படி செய்தான். லேப் ப்ரோகிராம் அடங்கி ஒடுங்கி ஓடத் தொடங்கியது.

மருந்துக்கடை ப்ரோகிராமோ தன் இரண்டைப் பார்த்துவிட்டு, போதாது என்று கிளம்பவே மறுத்தது. கணக்குப் பிரிவு அம்மா போன் செய்தார்.

"நேத்துவரைக்கும் அறுபத்துநாலு காட்டுச்சு. மீதிய யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

"யாருக்கும் இல்ல மேடம். எப்பவுமே ரெண்டுதான்."

"இத்தன நாளா நிம்மதியா இருந்தேன். அதையாவது விட்டு வெச்சிருக்கலாம்ல?"

மருந்துக்கடைக்காரர் நேரிலேயே வந்து நின்றார். "லேப்புக்கு மட்டும் அள்ளிக் குடுத்திருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

அவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு கிள்ளிக் கிள்ளிக் கொடுத்த பழைய ஆளின் கஞ்சத்தனத்தை மனதாரத் திட்டிவிட்டு, ஆளுக்கு இருபதாக மாற்றினான். அப்படியும் நாலு மிச்சம். மருந்துக்கடைக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் திரைகள் ஊர்ந்தன. பிறகு மூன்றும் ஒன்றாகச் செத்தன. வெளியே வரிசையில் ஒரு குழந்தை அழுதது. படிக்கட்டில் பெரிய டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது.

மெஷின் ஹாலுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, எங்க மெஷினக் கொஞ்சம் பாருங்க. அறுபத்துநாலு ஜிபி இருக்கு. அறுபதுதான் குடுத்திருக்கேன். அப்படியும் எல்லாம் சாகுது."

ஹாலைப் பார்த்துக்கொள்பவர் நிதானமாகக் கொட்டாவியை விட்டு முடித்தார்.

"அறுபத்துநாலா? உங்களுக்கும் அப்படித்தான் காட்டுதா? அந்த ஒரு மெஷின்ல குடியிருக்கற அத்தன ஆபீஸும் இதையேதான் சொல்றாங்க."