காணாமல் போன இருபத்து மூன்று மணி நேரம்

வெளிநாடு போய்வரும் அரசு ஊழியர், புறப்பட்ட நேரத்தையும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தூத்துக்குடியில் கடல்தொழில் உரிமங்கள் வழங்கும் ஓர் அலுவலகத்தின் உதவியாளர் எமில்டா, மகளின் பிரசவத்துக்கு அமெரிக்காவிலுள்ள ஹூஸ்டனுக்குப் போய்வந்ததும் அப்படியே எழுதிக் கொடுத்தாள். டிக்கெட்டில் இருந்த நேரத்தைத்தான் எழுதினாள், பாவம்.

கண்காணிப்பாளர் பாலகணேஷ் அதை மூன்று நாள் படித்தார்.

"மேடம், சென்னையிலருந்து ஹூஸ்டன் போக பத்தரை மணி நேரம். திரும்பி வர முப்பத்து மூணரை. தூரம் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான் சார்."

"அப்போ மிச்சம் இருபத்து மூணு மணி நேரம் எங்கன இருந்திய?"

"சார், நாம இங்கன காலையில காப்பி குடிக்கும்போது அங்க முந்தின நாள் ராத்திரி. ரெண்டு பக்கமும் இருபத்திரண்டு மணி நேரந்தான் ஆச்சு."

"ஓ! முந்தின நாளுக்கே போயிட்டு வந்திருக்கிய. அதுக்கு அனுமதி வாங்கினியளா?"

மறுநாளே குற்றக் குறிப்பாணை வந்தது: 'உரிய முன் அனுமதியின்றி முந்தைய தினத்தில் பிரவேசித்தமை.' எமில்டா நாட்காட்டியைப் பார்த்தாள். ஓய்வு பெற இரண்டே மாதம். குற்றச்சாட்டு தீராமல் நின்றால், முப்பத்து மூன்று வருஷம் உழைத்தவள் கடைசி நாளில் மாலைக்குப் பதில் சஸ்பெண்ட் உத்தரவோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

அவள் கணவர் அம்புரோஸ் கப்பலில் சுக்கான் பிடித்தவர். அவரே நேரில் வந்து விளக்கினார்.

"கப்பல் கிழக்க போகப் போக கடிகாரத்தைத் தள்ளி வைப்போம் சார்."

"யார் உத்தரவுல அண்ணாச்சி?"

"கேப்டன் சொல்லுவாரு."

"அரசாணை எண் உண்டா?"

அம்புரோஸ் தலையில் அடித்துக்கொண்டு வெளியேறினார். பூமி சுற்றுவதற்கு அரசாணை இல்லை என்பது அன்றைக்கே கோப்பில் பதிவாயிற்று.

எமில்டா எழுதிக் கொடுத்த விளக்கம் அவள் மேசையிலிருந்து பாலகணேஷ் மேசைக்குப் போய்ச் சேரப் பத்தொன்பது நாள் ஆனது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது விளக்கத்தைக் கையிலேயே கொண்டுபோய் நீட்டினாள்: 'நான் பதினாறாயிரம் கிலோமீட்டரை இருபத்திரண்டு மணி நேரத்தில் கடந்தேன். என் விளக்கம் பதினோரு அடியைப் பத்தொன்பது நாளில் கடந்துள்ளது. இடைப்பட்ட காலத்தில் அது எங்கிருந்தது என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

பாலகணேஷ் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல பாயிண்டு மேடம்!" என்று அன்றே குற்றச்சாட்டைக் கைவிட்டார்.

கடைசி நாள் மாலை போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். எமில்டா நிம்மதியாக லட்டைக் கடிக்கும்போது பாலகணேஷ் ஓர் உறையை நீட்டினார்.

"நீங்க சொன்ன முறைப்படி எல்லாக் கோப்பையும் அளந்துட்டோம் மேடம். சங்குகுளி பேச்சிமுத்துவோட உரிமம் புதுப்பிக்கிற மனு, மனு வாங்குத ஜன்னல்லருந்து உங்க மேசைக்கு எட்டு அடி. பதினாலு மாசம் ஆகியிருக்கு. அது எங்கன இருந்துச்சு?"

அவள் மேசையின் கீழ் இழுப்பறையில்தான் இருந்தது.  எமில்டா மாலையைக் கழற்றிவிட்டு, உறையிலிருந்த சஸ்பெண்ட் உத்தரவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் காத்திருந்த பேச்சிமுத்துவுக்குச் சேதி எட்டியது. பதினாலு மாசமாகக் கடலில் இறங்க முடியாமல் கிடந்த மனுஷன் ஓடிவந்து பாலகணேஷின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்! அப்போ என் உரிமம்?"

"உங்க மனுதான் இந்த வழக்குல முக்கியமான சாட்சி அண்ணாச்சி," என்றார் பாலகணேஷ், இழுப்பறைக்கு அரக்கு முத்திரை வைத்தபடி. "விசாரணை முடியுத வரைக்கும் அதை அசைக்கக் கூடாது."